சித்தப்பா டை கட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை

நோர்வேயில், அம்மருட் தொடர்மாடிகளில் என்னோடு வளர்ந்து, இப்போது வாசிக்கிற கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டு திரிகிறவர்களே, உங்களில் சிலருக்காவது அந்த இலையுதிர்காலம் நினைவிருக்கும். ரொம்மன் பக்கத்து மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் ரெஸ்லிங் காட்டினார்களே, அந்தக் காலம். வாசலில் ஈரச் சப்பாத்துகள் குவிந்து கிடக்கும். உள்ளே ஒரு மேசையில் வாஃபிள் சுடுவார்கள். அந்த இனிப்பு வாசமும், ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாசமும், மல்லர்கள் பூசிக்கொள்ளும் நோவெண்ணெயின் வாசமும் ஒன்றாகக் கலந்து வரும். இன்றைக்கும் எங்கேயாவது நோவெண்ணெய் மணம் வந்தால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.

எங்களுக்கு அது விளையாட்டு இல்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று வாரம் முழுக்கப் பள்ளிக்கூட முற்றத்தில் அடிபட்டோம். எனக்கு மட்டும் அதில் ஒரு தனிப் பெருமை இருந்தது. நல்லவர்களில் முதலாவது ஆள் என் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டின் சின்ன அறையில்தான் இருந்தார். பகலில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. மிச்ச நேரமெல்லாம் உடற்பயிற்சி. அம்மாவுக்குக் காலை வேலையென்றால் சித்தப்பாதான் எனக்குத் தலை இழுத்து விடுவார். அந்தப் பெரிய விரல்களால் பின்னல் போடும்போது ஒரு மயிர்கூட நோகாது. பனிச்சறுக்குச் சப்பாத்துக்கு முடிச்சுப் போடப் பழக்கியதும் அவர்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்தியபோது, அடுத்த நாள் வாசலில் வந்து சும்மா நின்றார். அதற்குப் பிறகு அந்தப் பையன் எனக்குக் கதவு திறந்துவிடத் தொடங்கினான்.

மேடையில் அவருக்குக் கிழக்குப் பக்கத்தின் பையன் என்று பெயர். கயிற்றுக்கு மேலால் பாய்ந்து உள்ளே வருவார். அதற்கு முன் தடுப்பருகே நிற்கும் என்னிடம் கையை நீட்டுவார். அம்மா தன் பழைய சேலைக் கரையில் தைத்துத் தந்த சிவப்புப் பட்டியை நான் அவர் புஜத்தில் கட்டுவேன். மண்டபம் கைதட்டும். கட்டி முடிந்ததும், "இறுக்கமாக் கட்டினியே குஞ்சு?" என்று தமிழில் கேட்பார். நான் ஓம் என்பேன். நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு நடுவே எங்கள் இரண்டுபேருக்கு மட்டும் விளங்கும் அந்த ஒரு வசனத்துக்காகவே நான் ஆறு நாட்கள் காத்திருந்தேன்.

கெட்டவர்களின் தலைவர் மல்லர் அல்ல. ஒல்லியான, கண்ணாடி போட்ட, கரிய மனிதர். மூன்று துண்டு சூட், கையில் நீலக் குடை. அவரை எல்லோரும் டிரெக்டோர் என்றார்கள். நிறுவன இயக்குநர் என்று அர்த்தம். அவரோடு மூன்று மல்லர்கள் வருவார்கள். மலைபோல ஒரு நோர்வேக்காரர், மொட்டையடித்த இரண்டு போலந்துச் சகோதரர்கள். மூவரும் வெறும் மேலில் டை கட்டியிருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நிர்வாகசபை என்று பெயர். தமிழ்ச் சங்க நிர்வாகசபையில் இருந்த அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரெக்டோர் ஒலிவாங்கியைப் பிடித்தால் மண்டபம் கொதிக்கும். உங்கள் தொடர்மாடிகளை எல்லாம் நான் வாங்கி விட்டேன், இடித்துக் கோல்ஃப் மைதானம் கட்டப் போகிறேன், நீங்கள் பந்து பொறுக்க வரலாம் என்பார். பாதி ஆங்கிலமும் பாதி நோர்வேஜியமுமாக, ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் வைத்துச் சப்பிப் பேசுவார். சனம் வாஃபிள் தட்டுகளை எறியும். சண்டை நடக்கும்போது நடுவரைக் கூப்பிட்டு ஏதோ சட்டம் கேட்பார். நடுவர் திரும்பியதும் மலைமனிதர் சித்தப்பாவின் முதுகில் குடையால் அடிப்பார். நான் நடுவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவேன். அந்த மனிதர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதெல்லாம் நடிப்பு என்றார்கள். நான் சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். நாவல்பழ நிறத்தில் அடிபட்ட கண்டல்.

"நடிப்பெண்டால் இது என்ன?" என்றார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஒருநாள் அம்மாவோடு குரொன்லாண்டில் உள்ள தமிழ்க் கடைக்குப் போயிருந்தேன். கருவேப்பிலையும் கருவாடும் மணக்கும் அந்த ஒடுங்கிய கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. "இந்த அரிசி இட்லிக்கு ஆகுமாங்க?" என்று யாரோ அம்மாவிடம் விசாரித்தார்கள். அம்மா, அது சோத்துக்குத்தான் நல்லது, மற்றப் பக்கத்தில் வேறை இருக்கு என்று சொன்னார். அது டிரெக்டோரின் குரல். அவர் தமிழ் பேசினார். கம்பளித் தொப்பியும் மலிவான மழைச்சட்டையும் போட்டு, கையில் ஒரு கட்டுக் கருவேப்பிலையோடு நின்றார்.

நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா பருப்பு நிறுக்கப் போன நேரம் அவர் என்னைக் கண்டுவிட்டார். பக்கத்தில் வரவில்லை. நின்ற இடத்திலேயே முழங்காலை மடித்துக் குந்தினார்.

"என்னப் பாத்து பயந்துட்டியா பாப்பா? நான் நெஜத்துல அப்படி இல்ல. அது ஒரு வேஷம். உன் சித்தப்பாவும் நானும் ஒண்ணாத்தான் காப்பி குடிப்போம்."

நான் ஓடிப்போய் அம்மாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தேன். யாரவர் என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர் போல, பாவம், தனியாகச் சமைக்கிறார் என்று அம்மா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான், உன்னை ஏமாத்திறதுக்கு. இனி அவனைக் கண்டால் கதைக்காதை. ஒருத்தருக்கும் சொல்லவும் வேண்டாம், என்ன?"

நான் தலையாட்டினேன். என்னை ஏமாற்றப் பார்த்த கெட்டவனிடமிருந்து தப்பி வந்துவிட்டேன் என்று எனக்கு நெஞ்சு முழுக்கப் பெருமை.

பனி விழத் தொடங்கியது. மண்டபத்துக்கு ஆட்கள் வருவது குறைந்தது. பின்வரிசைக் கதிரைகளை அடுக்கிச் சுவரோரம் வைத்துவிட்டார்கள். சித்தப்பாவும் சாப்பாட்டு மேசையில் பேச்சைக் குறைத்தார். ஜெர்மனியிலிருந்து ஒரு ரெஸ்லிங் குழுவின் ஆட்கள் பார்க்க வரப் போகிறார்கள், பிடித்துப்போனால் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னார். அப்பா, வேலையை விட்டுப்போட்டுப் போய்விடாதே என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சுக்கும் எனக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்?

அந்த ஞாயிறு அப்பாவும் வந்தார். முதல் முறை. சித்தப்பாதான் வற்புறுத்திக் கூட்டி வந்தார். சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர் மாதிரி அயர்ன் பண்ணிய சட்டையும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலத் தடுப்பருகே நின்றேன். சித்தப்பா வந்தார், கையை நீட்டினார். கட்டினேன். இறுக்கமாகக் கட்டினேனா என்று அவர் கேட்கவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு போனார். பதற்றம் போல என்று நினைத்தேன்.

சண்டை நீண்டது. சித்தப்பா போலந்துச் சகோதரர்கள் இருவரையும் வெளியே எறிந்தார். மலைமனிதரையும் விழுத்தினார். நடுவர் மயங்கிக் கிடந்தார். டிரெக்டோர் மேடையில் தனியாக அகப்பட்டுக்கொண்டார். குடையை நீட்டிப் பிடித்தபடி மூலைக்குப் பின்வாங்கினார். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. நான் அதுவரை அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பார் என்று துள்ளினேன்.

சித்தப்பா அவருக்கு முன்னால் போய் நின்றார். பிறகு மெல்ல முழங்காலில் இருந்தார். தலையைக் குனிந்தார். டிரெக்டோர் சூட் பைக்குள்ளிருந்து ஒரு டையை எடுத்துச் சித்தப்பாவின் கழுத்தில் மாட்டினார்.

மேடைப் பலகைகள் முனகியதுதான் கேட்டது. சித்தப்பா எழுந்தார். புஜத்திலிருந்த சிவப்புப் பட்டியை அவிழ்த்தார். நான் கட்டிய முடிச்சு, அவிழ நேரமெடுத்தது. குனிந்து, அதனால் தன் சப்பாத்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் எறிந்தார். அது எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அதைக் காணவும் இல்லை.

நான் அழுதேன். சும்மா கண்ணீர் விட்ட அழுகை இல்லை. மூச்சு உள்ளே போகாமல், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு மிருகம் போலக் கத்தினேன். டிரெக்டோர் ஒலிவாங்கியோடு கயிற்றுக்கு வெளியே இறங்கி என்னிடம் வந்தார். அப்படித்தான் திட்டம் போட்டிருந்தார்கள் என்று இப்போது தெரியும். என்னிடம் ஏதோ நக்கலாகக் கேட்க வேண்டியது அவருடைய பங்கு. பக்கத்தில் வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

சித்தப்பா கயிற்றுக்கு மேலால் பாய்ந்து வந்து, அவருடைய கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார். என்னை நேரே பார்த்தார். நோர்வேஜியத்தில் சொன்னார்:

"வீட்டுக்குப் போ, சின்னப் பெட்டை. நான் உன்னுடைய ஆள் இல்லை."

நாங்கள் இருவரும் எங்களுக்குள் ஒருநாளும் நோர்வேஜியம் பேசியதில்லை. சொன்ன சொல்லைவிட, அதை அந்த மொழியில் சொன்னதுதான் என்னைக் கொன்றது. மண்டபம் வெறிபிடித்துக் கத்தியது. மேலே கூரைத் தகரம் அதிர்ந்தது. அப்பா வந்து என்னைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். சுரங்க ரயிலில் ஒரு வயதான நோர்வேப் பெண் எனக்குத் தன் கைக்குட்டையைத் தந்தார். அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு, அந்த இந்தியாக்காரன், அந்த இந்தியாக்காரன் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. அப்பா கதவைத் திறந்தார். டிரெக்டோர் நின்றார். சூட் இல்லை, குடை இல்லை. கடையில் பார்த்த அதே மழைச்சட்டை. கையில் ஒரு இனிப்புப் பெட்டி. தொப்பியில் பனி. நான் அம்மாவின் பின்னால் நின்றேன். சித்தப்பா சோஃபாவில் உட்கார்ந்திருந்தார்.

பாப்பாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றார். அப்பா அவரை உள்ளே கூப்பிடவில்லை. சின்னப்பிள்ளையை வைத்துக் கூத்துக் காட்ட உங்களுக்கு வெட்கமில்லையா என்று கேட்டார். அந்த மனிதர் எதிர்த்துப் பேசவில்லை. தப்புத்தான் என்றார். பிறகு அப்பாவின் தோளுக்கு மேலால் சித்தப்பாவைப் பார்த்தார்.

"பாப்பாகிட்ட முன்னாடியே எல்லாம் சொல்லிட்டேன்னு நீதானே சொன்ன? சொல்லாட்டி நான் இதச் செய்ய மாட்டேன்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

அப்பா திரும்பினார். சித்தப்பா சிரித்தார். நான் அறிந்த, எனக்குப் பிடித்த அதே சிரிப்பு.

"சொன்னனான் அண்ணை. சாப்பிடேக்கை சொன்னனான். இவள் மறந்துபோனாள்."

அப்பா என்னைப் பார்த்து, உண்மையா பிள்ளை என்று கேட்டார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை. சொல்லேல்லை" என்றேன்.

"சின்னப்பிள்ளை. விளங்கியிராது" என்றார் அப்பா.

இவ்வளவுதான் நடந்தது. ஒரு விசாரணை, ஒரு தீர்ப்பு. நான் சொன்ன இல்லை எங்கள் வீட்டுச் சுவரில்கூடப் படவில்லை. வாசலில் நின்ற மனிதர் மட்டும், பாப்பா மறக்கவில்லை சார் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா அதற்கு, உங்கள் ஊரில் பிள்ளைகளை இப்படித்தான் பாவிப்பார்களா என்று கேட்டார். அவர் இனிப்புப் பெட்டியைச் சப்பாத்துத் தட்டின் மேல் வைத்துவிட்டு, மாடிப்படி வழியே இறங்கிப் போனார். லிஃப்ட் வரும்வரை நிற்கவில்லை.

அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. காலையில் அது குப்பைப் பையில் கிடந்தது.

அவர் வந்துபோன அன்று படுக்கப் போகுமுன் தலை இழுத்துவிடும்போது அம்மா என்னிடம், சித்தப்பா உனக்கு ஒன்றுமே சொல்லவில்லையா என்று ஒருமுறை கேட்டார். சொல்லவில்லை என்றேன். சீப்பு கொஞ்ச நேரம் நின்றது. "சரி, விடு. வீட்டுக்குள்ளை இருக்கிற ஆள். இதை வளர்க்கக் கூடாது" என்றார். அம்மா நம்பினார். நம்பிவிட்டுத்தான் விடச் சொன்னார். அப்பா நம்பாததைக்கூட நான் பிறகு மன்னித்தேன். அம்மா நம்பியதை மன்னிக்கத்தான் நீண்ட காலம் எடுத்தது. இன்று எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வீட்டைக் குலையாமல் வைத்திருக்க ஒரு பெண் எதை எதை விழுங்குவாள் என்று தெரிகிறது. தெரிந்தும் அந்தச் சீப்பு நின்ற இடம் நோகிறது.

அப்பா சும்மா இருக்கவில்லை. டிரெக்டோர் பிள்ளைகளை அழவைத்துக் காசு பார்க்கிற ஆள் என்று சங்கத்தில் சொன்னார். அந்த மனிதர் அந்த மார்கழியில் எங்கள் கலைநிகழ்ச்சிக்கு வந்திருந்தார். தமிழ்ப் பாட்டுக் கேட்க வந்திருப்பார். இடமில்லை என்று வாசலில் சொன்னார்கள். உள்ளே நாற்காலிகள் காலியாக இருந்தன. நான் மேடைக்குப் பின்னால் நடன உடுப்போடு நின்று யன்னலால் பார்த்தேன். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். அதன்பின் ரெஸ்லிங்குக்கும் அவர் வரவில்லை. நிர்வாகசபைக்கு வேறொருவர் தலைவரானார். அவர் வெறுமனே கத்தினார். பழையவர் சென்னைக்கே திரும்பிவிட்டதாகக் கடைக்காரர் அம்மாவிடம் சொன்னார். அவருடைய உண்மைப் பெயர்கூட எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஜெர்மன்காரர்களுக்குச் சித்தப்பாவைப் பிடித்துப்போயிற்று. அந்த அழுகைக் காட்சிதான் காரணம். பல வருடங்கள் டையோடு ஊர் ஊராகப் போய்க் கெட்டவராக நின்று, முழங்கால் போனதும் திரும்பி வந்து லில்லெஸ்ட்ரோமில் வீடு வாங்கிக் கலியாணம் கட்டினார். எனக்கு எல்லாப் பிறந்தநாளுக்கும் பரிசு வந்தது. என் கலியாணத்தில் எல்லோரையும்விட அதிகமாக ஓடித் திரிந்தவர் அவர்தான். எங்கள் ஆட்கள் கூடுமிடங்களில் அந்த ஞாயிறு ஒரு பகிடியாகிவிட்டது. சித்தப்பா அதை அழகாகச் சொல்வார். என் அழுகையை நடித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிக்க நானும் சிரிப்பேன். கதையின் கடைசியில், முன்னமே சொல்லி வைத்திருந்தும் அழுத நடிகை என் பெறாமகள் என்று முடிப்பார்.

இத்தனை வருடமும் நான் எனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். சித்தப்பா பொய் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல நினைத்திருப்பார், பதற்றத்தில் மறந்திருப்பார், பிறகு சொன்னதாகவே நம்பியிருப்பார். மனித மனம் அப்படியும் செய்யும் தானே. இதை வைத்துக்கொண்டு அவரோடு ஒரு மேசையில் சாப்பிட முடிந்தது.

இந்த வசந்தத்தில் அவருடைய அறுபதாவது பிறந்தநாள். லில்லெஸ்ட்ரோமில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். மேடையில் வழக்கம்போல அந்தக் கதை. என் மகளுக்கு இப்போது, நான் அன்று அழுத வயது. அவள் எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கவில்லை. என் காதுக்குள், "அம்மா, உங்களுக்கு உண்மையாவே சொன்னவரா?" என்று கேட்டாள். என்னிடம் அதை மூன்றாவதாகக் கேட்ட ஆள் அவள்.

விருந்து முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கோட்டுகள் தொங்கும் இடத்தில் சித்தப்பா தனியாக நின்றார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. பழைய சமையல் குறிப்பொன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"சித்தப்பா, அண்டைக்கு நீங்கள் எனக்குச் சொன்னனீங்களே?"

அவர் மறுக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. இவ்வளவு காலம் கழித்துக் கேட்கிறாயே என்பதுபோலச் செல்லமாகப் பார்த்தார்.

"சொல்லியிருந்தால் நீ அப்பிடி அழுதிருப்பியே, பிள்ளை? அந்த மனுசன் சொல்லு சொல்லு எண்டுதான் நிண்டவன். எனக்குத் தெரியும், சொன்னால் காட்சி செத்துப்போம். ஜெர்மன்காரன் எழும்பி நிண்டு கை தட்டினவன். உன்னாலைதான் எல்லாம்."

நன்றி சொல்வதுபோலவே சொன்னார். அவருக்கு அது பாராட்டு. நான் வைத்திருந்த சமாதானம் அவருக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை என்று அப்போதுதான் கண்டேன். அவர் மறந்திருக்கவில்லை. வாசலில் அந்த மனிதர் நின்றபோதும், அப்பா என்னைக் கேட்டபோதும், நான் இல்லை என்றபோதும், எல்லாம் தெரிந்துகொண்டுதான் சோஃபாவில் இருந்திருக்கிறார்.

"அவர் எங்களுக்கு முன்னாலை அவமானப்பட்டுப் போனவர்" என்றேன்.

"ஆர்?" என்றார் சித்தப்பா.

அவர் உண்மையாகவே யோசித்தார். முகத்தில் நடிப்பு இல்லை.

நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். வழியில் அவள் முதலில் கேட்டதையே மறுபடி கேட்டாள். இல்லை, சொல்லவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.